மூலபாட ஆய்வும் செயற்கை நுண்ணறிவும்: 'இதாக்கா' ஆய்வுரை பற்றிய ஒரு மதிப்பீடு

சிதைந்த பாடத்தை நிரப்புதல் பதிப்பாசிரியர் மேற்கொள்ளும் பணிகளுள் மிக அரியது; மிகுதியும் பழிக்கு இடமாவதும் அதுவே. ஏட்டிற் செல்லரித்த இடத்திலோ கல்லிற் பொரிந்த இடத்திலோ முன்பு நின்ற எழுத்து இன்னதென்று துணிவதற்கு மொழியறிவு மட்டும் போதாது. எழுதியவன் கையின் இயல்பு, எழுதப்பட்ட பொருளின் இயல்பு, நூலின் யாப்பு, உரைமரபு, அக்கால வழக்கு ஆகிய அனைத்தும் ஒருங்கே வேண்டப்படும். இப்பணியை இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் செய்யத் தொடங்கியுள்ளன. அவற்றால் ஆவது எவ்வளவு, அவற்றைக் கையாளும் புலமையால் ஆவது எவ்வளவு என்று பிரித்தறியும் கடமை தமிழ்த்துறைகளுக்கு நேர்ந்துள்ளது. கருவியே படித்துத் தருமாயின் முதுகலை மாணவர்க்குச் சுவடிப் பயிற்சி எற்றுக்கு என்னும் வினா எழுந்துவிட்ட காலம் இது. வினாவுக்கு விடை கூறுமுன், கருவியின் பயனை எண்ணிக்கையால் அளந்து காட்டிய ஓர் ஆய்வை எடுத்துக்கொண்டு நுணுகிப் பார்ப்பது நலம்.

2022-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் 'நேச்சர்' இதழில் அத்தகைய ஆய்வுரை ஒன்று வெளிவந்தது. யானிஸ் அசாயேல், தியா சோமர்ஷீல்டு முதலிய அறிஞர் எழுதியது. டீப்மைண்ட் நிறுவனத்தாரும் வெனிஸ், ஆக்ஸ்போர்டு, ஏதென்ஸ் நகரங்களின் பல்கலைக்கழகத்தாரும் கூடி இயற்றியது. பண்டைக் கிரேக்கக் கல்வெட்டுகளின் சிதைவிடங்களை நிரப்புதல், அவை எழுந்த இடத்தை உணர்த்துதல், காலத்தைக் கணித்தல் என்னும் மூன்றினையும் செய்யும் கருவி ஒன்றை அவர்கள் அமைத்து, ஒடிசியசின் தீவுப் பெயரால் 'இதாக்கா' என்று வழங்கினர். இதற்கு முன்னோடியாகப் 'பித்தியா' என்னும் கருவி 2019-இல் வெளிப்பட்டிருந்தது. பாக்கார்டு மாந்தவியல் நிறுவனத்தார் திரட்டிவைத்த கல்வெட்டுத் தொகுதியினின்று 78,608 கல்வெட்டுகளைத் தெரிந்தெடுத்து இதாக்காவைப் பயிற்றினர். 

இவ்வாய்வுரையிற் கண்ட எண்களுள் உலகெங்கும் எடுத்தோதப்பட்டவை இரண்டு. கருவியின்றி வரலாற்றறிஞர் நிரப்பிய பாடங்களுள் சரியாக அமைந்தவை நூற்றுக்கு 25. கருவியின் துணைகொண்டு அவர்களே நிரப்பியபோது அது 72 ஆயிற்று. இருபத்தைந்து எழுபத்திரண்டாக உயர்ந்தது கருவியின் வெற்றியே என்பதில் ஐயமில்லை. ஆயின் அவ்வுரையிலேயே வேறிரண்டு எண்களும் உள்ளன. கருவி தானே முதலாவதாக முன்வைத்த பாடம் சரியாக இருந்தது நூற்றுக்கு 62. கருவி நிகழ்தகவு வரிசையில் தரும் இருபது பாடங்களுள் எங்கேனும் ஓரிடத்திற் சரியான பாடம் இருந்தது நூற்றுக்கு 78.

இவ்விரண்டு எண்களையும் முன்னவற்றோடு சேர்த்து வைத்துப் பார்ப்பார் மிகச் சிலர். கருவியின் முதல் விடையை அப்படியே எழுதிக்கொள்பவன் அறுபத்திரண்டில் நின்றுவிடுவான். இருபது விடையையும் கண்டு அவற்றுட் பிழைபடாது தெரிந்தெடுப்பவன் எழுபத்தெட்டு வரை செல்லலாம். அறிஞர் சென்றது எழுபத்திரண்டு. ஆகவே, கருவி திறந்துவைத்த பதினாறு பங்கு இடைவெளியுள் பத்துப் பங்கைக் கடப்பித்தது அறிஞர்தம் தெரிவுத்திறன் எனலாம். பத்துத்தானே என்று எளிதாகக் கருதற்க. கருவியின் முதல் விடை தவறிய முப்பத்தெட்டு இடங்கள் எவையென்று கருவி தனியே குறித்துக் காட்டுவதில்லை. தன் ஒவ்வொரு விடைக்கும் ஒரு நிகழ்தகவை இட்டுவைக்கின்றது, அவ்வளவே. இவ்விடத்தில் இது பொருந்தாது என்று ஐயுற்று இரண்டாம் விடைக்கோ ஏழாம் விடைக்கோ கண்ணைச் செலுத்துவது கையாள்வோன் செயல். அவ்வையம் எழுவதற்குப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும்.

அப்பயிற்சி அவர்களுக்கு இருந்தது. சோதனையில் அமர்ந்த இருவரும் கிரேக்க வரலாற்றிலும் கல்வெட்டியலிலும் ஏழாண்டுப் பயிற்சியுடைய பட்டமேற்படிப்பினர். இங்குத்தான் ஆய்வுரையின் குறை ஒன்று புலப்படுகின்றது. பயிற்சியுடையார் கருவியின்றி எவ்வளவு செய்வர், கருவியோடு எவ்வளவு செய்வர் என்பதை அளந்தவர்கள், பயிற்சியில்லாதார் அதே கருவியைக்கொண்டு எவ்வளவு செய்வர் என்பதை அளக்கவில்லை. புலமையின் பங்கு இவ்வளவு என்று எண்ணிட்டுக் காட்ட வல்ல சோதனை அதுவே ஆகும். அஃதில்லாமையால், எழுபத்திரண்டு என்னும் எண்ணைக் கருவியின் கணக்கிலேயே முழுதும் எழுதிவிடுதல் எளிதாயிற்று.

இருபத்தைந்து என்னும் எண்ணும் அப்படியே கொள்ளத்தக்கதன்று. ஒத்த பாடங்களைத் தேடிக்காண அவர்களுக்கு இடம் தரப்பட்டிருந்தது உண்மை. எனினும் சராசரி இரண்டு மணி நேரத்தில் ஐம்பது சிதைவிடங்களை அவர்கள் நிரப்பினர். ஓர் இடத்திற்கு மூன்று நிமிடமும் இல்லை. ஒரு சொல்லின்பொருட்டு ஊர் ஊராகச் சென்று ஏடு தேடிய மரபில் வந்த நமக்கு, இஃது ஒரு பதிப்பாசிரியனின் ஆற்றலை அளக்கும் முறையாகத் தோன்றாது. விரைவை அளந்தார் என்றால் ஒப்புக்கொள்ளலாம். விரைவில் மனிதன் கருவிக்கு நிகராகான் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டுவதில்லை.

புலமை கருவிக்குப் பின்னர் வந்து விடையைத் தெரிவுசெய்வது மட்டும் அன்று. கருவிக்கு முன்னரும் அது நிற்கின்றது. இதாக்காவினிடம் வினாவுங்கால், விடுபட்ட எழுத்துகள் இத்தனை என்று சொல்லியே வினாவ வேண்டும். ஏதென்ஸ் நகரத்து அவைத் தீர்மானங்கள் பல, கட்டம் இட்டாற்போல நெடுக்கும் குறுக்கும் எழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்று நேர்நிற்குமாறு வெட்டப்பட்டவை. அத்தகைய கல்லில் உடைந்த பகுதியின் அகலத்தைக் கொண்டு எழுத்தெண்ணிக்கையைக் கணிக்கலாம். ஒழுங்கின்றி வெட்டிய கல்லில் அவ்வாறு இயலாது. கல்லை நேரிற் கண்டு, மைப்படி எடுத்து, வெட்டியவன் கையளவை உணர்ந்தவனே ஐந்தோ ஆறோ என்று கூறவல்லான். எண்ணிக்கை தவறின் இருபது விடையும் தவறிவிடும். இன்னும் ஒன்று: முந்தைய பதிப்பாசிரியர் பகர அடைப்புக்குள் இட்டு நிரப்பிய ஊகப் பாடங்களும் கருவியைப் பயிற்றிய தொகுதியில் இடம்பெற்றன. எனவே கருவி தன் அறிவாகத் தருவதில் ஒரு பகுதி, நூறாண்டுகட்கு மேலாகக் கல்வெட்டறிஞர் செய்துவைத்த ஊகங்களின் எதிரொலியே ஆதல் கூடும். அவ்வெதிரொலியைத் தனிச் சான்றாகக் கருதிவிட்டால், ஒருவர் கூற்றையே இருமுறை எண்ணிய குற்றம் நேரும்.

கருவி மிகச் சிறந்து நிற்பது வாய்பாட்டுத் தொடர்களில். அவைத் தீர்மானங்களின் தொடக்கமும் முடிவும் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் அமைந்தவை. ஆயிரம் முறை கண்ட தொடரின் நடுவே நான்கெழுத்து மறைந்தால் அதனை நிரப்புதல் எளிது. நம் சோழர் கல்வெட்டுகளிலும் இந்நிலை உண்டு. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி சிதைந்த கல்லைப் படிப்பார்க்குச் சிதைவு ஒரு தடையாவதில்லை. அதே மெய்க்கீர்த்தி வேறு பல கற்களில் முழுமையாகக் கிடைக்கின்றது. ஆனால் மெய்க்கீர்த்திக்குப் பின்னர் வரும் கொடையாளியின் பெயர், ஊர்ப்பெயர், நிலத்தின் அளவு, பொன்னின் நிறை ஆகியவை அக்கல்லுக்கே உரியவை. வரலாற்றாசிரியன் தேடுவது அவற்றையே. வாய்பாட்டால் மீட்கத்தக்கது நாம் முன்னரே அறிந்தது. நாம் அறியாதது வாய்பாட்டில் அடங்குவதில்லை. நூற்றுக்கு இத்தனை என்று கணக்கிடும்போது இவ்விருவகை எழுத்தும் ஒரே எடையுடையனவாக எண்ணப்படுகின்றன.

இவ்வளவு கூறியதனால் கருவி பயனற்றது என்பது கருத்தன்று. அது பெரும்பயன் விளைத்த இடமும் அவ்வாய்வுரையிலேயே உண்டு. கிரேக்க எழுத்தாகிய 'சிக்மா' மூன்று கோடுகளால் எழுதப்பட்ட கல்வெட்டுகள் கி.மு. 446-க்குப் பிற்பட்டன ஆகா என்று நெடுங்காலம் கொள்ளப்பட்டது. ஹெரால்டு மாட்டிங்லி என்னும் அறிஞர் 1961 முதலாக இதனை மறுத்து, அத்தீர்மானங்களுட் பல கி.மு. 420-ஐ ஒட்டியவை என்று வாதிட்டார். பலர் ஏற்கவில்லை. 1990-இல், எகெஸ்டா உடன்படிக்கைக் கல்லை ஒளிக்கதிர் கொண்டு ஆராய்ந்தோர் அதன் காலம் கி.மு. 418 எனப் படித்து வெளியிட்டபின் வழக்கு மாட்டிங்லியின் பக்கம் சாயத் தொடங்கியது. இதாக்காவை இயற்றியோர் இத்தீர்மானங்களைப் பயிற்சித் தொகுதியினின்று விலக்கிவைத்து, பின்னர் அவற்றின் காலத்தைக் கருவியிடம் வினாவினர். கருவி கூறிய காலத்தின் சராசரி கி.மு. 421.

இவ்விடை அரியது. ஆயின் இதனை அரியதாக்கியது எது? சிக்மாவின் வடிவத்தை வைத்து அரை நூற்றாண்டு நிகழ்ந்த வாதத்தை அறிந்தோர், எந்தக் கற்களை விலக்கவேண்டும், எந்த வினாவை எழுப்பவேண்டும் என்று அறிந்திருந்தனர். எழுத்தின் வடிவத்தைக் காணாது சொற்களை மட்டுமே கண்ட கருவி, வடிவத்தை அடிப்படையாகக் கொண்ட கொள்கைக்கு மாறான காலத்தைச் சொன்னமையே அதன் சான்றுவலிமை. வாதத்தை அறியாதான் ஒருவன் அதே விடையைப் பெற்றிருப்பின், அவனுக்கு அது தொகுதியின் ஓரத்தில் எழுதிவைக்கும் ஓர் எண். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

கிரேக்கக் கல்லினின்று தமிழ் ஏட்டிற்கு வருவோமாயின் சிக்கல் இன்னும் பெருகுகின்றது. இங்கு எழுத்து அழிந்த இடம் மட்டுமன்றி, எழுத்து நன்கு விளங்கும் இடமும் ஐயத்திற்கு உரியது. சுவடிகளிற் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவின. அடி பிரித்து எழுதும் வழக்கமும் இல்லை. ஆதலின் 'எரி' என்பதும் 'ஏரி' என்பதும் ஏட்டில் ஒன்றுபோலவே தோன்றும். இவை இரண்டும் பொருளால் மிக வேறுபட்டமையின் இடம் நோக்கி எளிதிற் பிரிக்கலாம். 'செறு' என்பதும் 'சேறு' என்பதும் அத்தகையன அல்ல. செறு வயல், சேறு அவ்வயலில் உள்ளது. மருதநிலத்தைப் பாடும் செய்யுளில் இரண்டும் பொருந்தும். சேற்றுக்குத் தேன், சாறு என்னும் பொருளும் பழந்தமிழில் உண்டு. அப்பொருள் கொண்டால் வயலை விட்டே விலகிச் செல்லும்.

இவ்விடத்துப் பதிப்பாசிரியன் செய்வது யாது? வெண்பாவாயின் தளை ஒருவாறு தீர்த்துவைக்கும். ஆசிரியப்பாவில் பிற தளையும் விரவுமாதலால் தளை அவ்வளவு உதவாது. அடியின் முதற்கண் அச்சொல் நிற்குமாயின் எதுகை உதவும். எதுகையில் முதலெழுத்து அளவொத்து நிற்கவேண்டுமாதலின், முன்னடி குறிலில் தொடங்கினாற் செறு என்றும் நெடிலில் தொடங்கினாற் சேறு என்றும் கொள்ள இடமுண்டு. எதுகையும் இல்லையெனில் உரையை நோக்கவேண்டும். உரை இல்லையெனில் அப்புலவர் பாடிய பிற செய்யுட்களை நோக்கவேண்டும். கருவியும் இரண்டனுள் ஒன்றைத் தரும். அது தளையை நோக்கித் தந்ததா, எதுகையை நோக்கித் தந்ததா, பிற்காலத் தமிழிற் சேறு என்னும் சொல் மிகுதியாகப் பயின்றதனால் தந்ததா என்பது வரிசையைக் காண்பவனுக்குத் தெரியாது. இவற்றைத் தானே நோக்கத் தெரிந்தவனுக்குக் கருவியின் விடை ஒரு துணை. நோக்கத் தெரியாதவனுக்கு அது தீர்ப்பாகிவிடும்.

எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் சேர்ந்து 2381 செய்யுட்களே. கருவியைப் பயிற்றுவதற்கு இத்தொகை மிகச் சிறிது. இக்குறையை நிரப்பப் பிற்காலத் தமிழைக் கலந்து பயிற்றினால், சங்கச் செய்யுளின் சிதைவிடத்தில் பிற்காலச் சொல்லாட்சி புகுதல் இயல்பே. சங்கச் செய்யுட்கள் வாய்மொழி மரபின் வாய்பாடுகளால் ஆயவை என்று கைலாசபதி 1968-இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். அவர் கொள்கையை முற்றும் ஏற்பார்க்குக் கருவியின்பால் சற்று நம்பிக்கை மிகலாம். எனினும் வாய்பாடும் புலவனுக்குப் புலவன் வேறுபட்டே வருகின்றது.

இங்கு யாம் முதன்மையாக எடுத்துரைக்க விரும்புவது ஒன்றுண்டு. ஏடெழுதுவோர் செய்யும் பிழைகளுட் பெரும்பாலன அரிய சொல்லை எளிய சொல்லாக மாற்றும் பிழைகள். பொருள் விளங்காத பழஞ்சொல்லைக் கண்டவிடத்து, கை தானாகவே பழகிய சொல்லை எழுதிவிடும். அதனாலேயே, இரு பாடங்கள் ஒத்த வலிமையுடன் நிற்குமிடத்து அரிய பாடமே மூலமாதல் கூடும் என்பது மூலபாட ஆய்வின் பழைய நெறி. நிகழ்தகவைக் கொண்டு இயங்கும் கருவியோ, முன்னும் பின்னும் உள்ள சொற்களோடு மிகுதியாகப் பயின்றுவந்த சொல்லையே முதலில் வைக்கும். ஏடெழுதுவோனின் சாய்வும் கருவியின் சாய்வும் ஒரே திசையின. எனவே, ஏட்டில் பிழை நுழைந்த இடத்தை அக்கருவியிடம் காட்டினால், அது பிழையைச் சுட்டுவதை விட்டுப் பிழைக்குச் சான்று கூறும். கிரேக்கச் சோதனையில் இது வெளிப்படாமைக்குக் காரணம், அங்கு மறைக்கப்பட்டவை நல்ல நிலையில் இருந்த எழுத்துகள் என்பதே. எழுதுவோன் மாற்றிவிட்ட எழுத்துகள் அல்ல.

ஏட்டிலும் நூலிலும் இல்லாத அறிவு பதிப்புக்கு எவ்வாறு பயன்படுகின்றது என்பதற்குச் சீவக சிந்தாமணிப் பதிப்பு சான்று. 1880-இல் சேலம் இராமசாமி முதலியார் தூண்டுதலால் அந்நூலைக் கையில் எடுத்த உ. வே. சாமிநாதையர்க்கு, நச்சினார்க்கினியர் உரை இருந்தும், சமணக் கோட்பாடுகள் விளங்காத இடங்கள் பல இருந்தன. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணரை அடுத்து அவர்கள்பால் கேட்டே அவற்றைத் தெளிந்தார். 1887-இல் நூல் வெளிவந்தது. அக்காலத்துத் தமிழ் நூல்கள் அனைத்தையும் ஒரு கருவிக்குள் செலுத்தியிருந்தாலும், அவ்வில்லங்களில் வாய்மொழியாக வழங்கிய விளக்கம் அதனுள் இருந்திராது.

பின்வந்த ஒரு முயற்சி இவ்வகையில் முன்னையதினும் சிறந்தது. 2025 சூலையில் அதே இதழில் வெளிவந்த 'ஈனியாஸ்' என்னும் கருவி இலத்தீன் கல்வெட்டுகளுக்கு உரியது. 1,76,000-க்கு மேற்பட்ட கல்வெட்டுகளைத் தழுவியது. இது சிதைவிடத்தை நிரப்புவதோடு நில்லாமல், ஆராயும் கல்வெட்டோடு ஒப்புமையுடைய பிற கல்வெட்டுகளையும் தொகுத்துத் தருகின்றது. 23 அறிஞர் பங்குகொண்ட சோதனையில், நூற்றுக்குத் தொண்ணூறு இடங்களில் அவ்வொப்புமைகள் ஆய்வுக்கு நல்ல தொடக்கமாக அமைந்தன என்று கண்டனர். விடையை மட்டும் தரும் கருவியினும், விடைக்கு வேண்டும் சான்றுகளைத் திரட்டிக் கையிற் கொடுக்கும் கருவி புலமையுடையார்க்கு மிகவும் பயன்படுகின்றது என்பதை இது காட்டும். நம்மிடையே 1962-இல் வ. அய். சுப்பிரமணியம் வெளியிட்ட புறநானூற்றுச் சொல்லடைவு செய்த உதவியும் இத்தகையதே. அடைவு எந்தப் பாடத்தையும் நமக்குப் பரிந்துரைப்பதில்லை. சொல் வந்த இடங்களைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றது. அதனைக் கொண்டு ஒன்றும் செய்யத் தெரியாதவனுக்கு அது வெறும் எண்களின் நிரல். அதனால் அவனுக்குத் தீங்கும் இல்லை. விடை தரும் கருவியிடம் இப்பாதுகாப்பு இல்லை. அறியாதானுக்கும் அது செம்மையான தமிழில் நான்கடி எழுதித் தந்துவிடும்.

இது வெற்றச்சம் அன்று. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. ஐங்குறுநூற்றில் 129, 130 ஆகிய இரு செய்யுட்களும், புறநானூற்றில் 267, 268 ஆகிய இரண்டும் இல்லை. புறநானூற்றுச் செய்யுட்கள் பலவற்றில் அடிகள் சிதைந்துள்ளன. முதற் பதிப்பாசிரியர்கள் அவ்விடங்களைப் புள்ளியிட்டு வெறுமையாகவே விட்டனர். யாப்பறிந்து செய்யுள் இயற்றவல்ல அவர்கள் நிரப்ப இயலாமையால் விட்டாரல்லர். இன்று கருவி புனைந்த அடிகள் கணிப்பொறிப் பதிப்பு ஒன்றில் அடைப்பின்றி ஏறிவிட்டால், அடுத்த கருவி அப்பதிப்பைப் படித்துப் பயிலும். மூன்றாம் தலைமுறை மாணவன் அதனைச் சங்கச் செய்யுள் என்றே மேற்கோள் காட்டுவான். ஆதலின் கருவி தந்த பாடம் எதுவாயினும், இன்ன கருவி இன்ன நாளில் தந்தது என்னும் குறிப்போடு அடிக்குறிப்பில் மட்டுமே இடம்பெறவேண்டும். பதிப்பாசிரியன் ஆராய்ந்து ஏற்றாலும் மூலத்துள் ஏறலாகாது. பாடவேறுபாடுகளைக் குறிக்கும் பழைய முறையிலேயே இதற்கு வழியுண்டு. புதிதாக ஒன்றும் படைக்கவேண்டியதில்லை.

சுவடிப் பயிற்சி எற்றுக்கு என்று வினாவுவார்க்குக் கிரேக்க ஆய்வுரை விட்டுச்சென்ற சோதனையைத் தமிழில் நடத்திக் காட்டுதலே தக்க விடை. பல சுவடிகளைக் கொண்டு மூலம் உறுதிசெய்யப்பட்ட குறுந்தொகை, நற்றிணைச் செய்யுட்களிற் சில சொற்களை மறைத்து, பல்லாண்டு சுவடி பயின்றார் ஒரு குழுவாகவும், முதுகலை முதலாண்டு மாணவர் ஒரு குழுவாகவும் அமர்ந்து, கருவியோடும் கருவியின்றியும் நிரப்பவேண்டும். கருவியின் முதல் விடை தனியே குறிக்கப்படவேண்டும். மறைக்கும் இடங்களுள் எகர ஏகார மயக்கமுடைய சொற்களும், எழுதுவோர் எளிமைப்படுத்திய பாடம் ஏட்டில் உள்ள சொற்களும் இருத்தல் வேண்டும். காலம் இரண்டு மணியாக வரையறுக்கப்படலாகாது, நூலகம் திறந்திருக்கவேண்டும். மேலும், விடைத்தாளில் 'துணிதற்கில்லை' என எழுத ஓர் இடம் விட்டு, அவ்வாறு எழுதியது பொருத்தமாயின் அதற்கும் மதிப்பெண் தரவேண்டும்.